வந்தியத்தேவன் பர்மனென்ட்டா?

எங்கள் ஓசூர் ரூமில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. ஊர்ப் பெயர்தான். திண்டுக்கல், அரூர், கும்பகோணம்.

இந்தக் கும்பகோணம் டிப்ளமோ மெக்கானிக்கல். சிப்காட்டில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட். செல்போன் தவிர எதையும் அவன் வாசித்து நான் பார்த்ததில்லை. 2023 ஏப்ரலில் 'பொன்னியின் செல்வன்' இரண்டாம் பாகம் சினிமா பார்த்துவிட்டு வந்தவன், "புஸ்தகத்துல வேற மாதிரியாமே அண்ணே?" என்று ஆரம்பித்தான். என் பெட்டியிலிருந்த ஐந்து பாகங்களும் அவன் தலைமாட்டுக்குப் போயின.

கம்பெனி பஸ்ஸில் வாசிப்பு. கேன்டீன் க்யூவில் வாசிப்பு. ஒருநாள் டவுன் பஸ்ஸில் நந்தினியிடம் மாட்டிக்கொண்டு, ஜூஜூவாடியில் இறங்க வேண்டியவன் அத்திப்பள்ளியில், அதாவது அடுத்த மாநிலத்தில் போய் இறங்கினான்!

ஒரு நைட் ஷிஃப்ட் முடிந்த காலையில் என்னை உலுக்கி எழுப்பினான். குரல் துக்க வீட்டுக் குரல்.

"அண்ணே, முடிஞ்சிடுச்சு. மணிமேகலை செத்துப் போயிட்டா. அதோட முற்றும்ங்கறாரு. வந்தியத்தேவனுக்கும் குந்தவைக்கும் கல்யாணம்?"

"முடிவுரையில யார் யார் என்ன ஆனாங்கன்னு கல்கியே சொல்லியிருக்காரேப்பா."

"சொன்னா ஆச்சா? காட்ட வேணாமா?"

நியாயமான கேள்வி. 1950 அக்டோபரில் ஆரம்பித்து மூன்றரை வருஷம் வாராவாரம் படித்தவர்களும் இதைத்தான் கேட்டிருக்கிறார்கள். அந்தக் கேள்விகளுக்குத்தான் கல்கி முடிவுரையில் பதில் எழுதினார். 1954 மே மாதம் தொடர் முடிந்தது. அதே டிசம்பரில் அவரே போய்விட்டார். அதற்கப்புறம் 'அமுதசுரபி' ஆசிரியர் விக்கிரமன் கதையைத் தொடர்ந்து 'நந்திபுரத்து நாயகி' எழுதினார். பி.காம். பாஷையில் சொன்னால், கல்கி மூடிய கணக்கின் பாக்கியை விக்கிரமன் ஆரம்ப இருப்பாக எடுத்துக்கொண்டார்.

இதை நான் சொல்லியிருக்கக் கூடாது. ஓசூர் புத்தகத் திருவிழாவில் மெஸ் பணத்தைக் கொடுத்து மூன்று பாகமும் வாங்கி வந்துவிட்டான். அந்த மாசம் நான்தான் சோறு போட்டேன்.

எனக்கு அந்த இரண்டாம் கை அவ்வளவாக ஒட்டவில்லை. கல்கியின் வந்தியத்தேவன் வாயைத் திறந்தாலே குறும்பு கொட்டும். அந்தச் சட்டையை வேறு தையற்காரர் தைத்தால் தோளில் கொஞ்சம் பிடிக்கத்தானே செய்யும்? சொன்னேன். கும்பகோணத்துக்கு வந்ததே கோபம்!

"உங்களுக்கு நடை முக்கியம். எனக்கு நியூஸ் முக்கியம்."

அப்படி என்ன அவசர நியூஸ்? இரண்டு நாள் கழித்து டீக்கடையில் தானாகக் கக்கினான். அசெம்பிளி செக்‌ஷனில் ஒரு பெண். ஓசூர்ப் பக்கத்துத் தெலுங்கு வீடு. அவளுக்குச் சம்மதம். அப்பா கேட்டது ஒரே கேள்வி: "பையன் பர்மனென்ட்டா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. வந்தியத்தேவன் யார் சார்? நாடு பறிபோன வாணர் குலம். கையில் ஒரு குதிரை, ஒரு வாள், யாரோ கொடுத்தனுப்பிய ஓலை. சுத்த கான்ட்ராக்ட் கேஸ். ஆதித்த கரிகாலன் வேலைக்கு எடுத்தான். அந்த எம்.டி.யும் கொலையாகி, பழி இவன் தலையில் விழுந்து பாதாளச் சிறைக்கே போகிறான். இவன் காதலிப்பது சக்கரவர்த்தி மகளை! அந்தக் கல்யாணம் நடந்ததா என்று கும்பகோணம் தவிக்காமல் வேறு யார் தவிப்பார்கள்?

"கவலைப்படாதே, கல்லுலயே வெட்டி வெச்சிருக்கு" என்றேன். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ராஜராஜனின் அக்கா குந்தவையை வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவி என்றே குறிப்பிட்டிருக்கிறார்கள். கதாசிரியர் யாரும் இதில் கை வைக்க முடியாது. சும்மா இருக்காமல் இன்னொன்றும் சொன்னேன். ராஜராஜன் ஜெயித்த கங்கபாடி, நுளம்பபாடியில் நம்ம கிருஷ்ணகிரி, தருமபுரிச் சுற்றுவட்டமும் சேர்த்தி.

"அப்பவே எங்க ஊர்க்காரங்க இந்தப் பக்கம் வேலைக்கு வந்திருக்காங்களா!" என்று இன்னொரு டீ சொன்னான். (காசு நான்தான் கொடுத்தேன்.)

போன வாரம் 'நந்திபுரத்து நாயகி' முதல் பாகத்தைத் தலைமாட்டில் காணோம். கேட்டால் வெட்கப்படுகிறான். அந்தப் பெண்ணிடம் கொடுத்திருக்கிறானாம். அவள் தெலுங்கு மீடியம். தமிழ் சரளமாகப் பேசுவாள், படிப்பது மட்டும் எழுத்துக் கூட்டித்தான். நாளைக்கு இரண்டு பக்கம்.

"மூணு பாகம் இருக்குண்ணே. அவ முடிக்கறதுக்குள்ள எனக்குப் பர்மனென்ட் ஆயிடும்" என்கிறான்.