கோவிவனுக்குக் கல், மணிக்குத் தடை

ரிடையர் ஆனவனுக்குச் சனி, ஞாயிறு ஏது என்று கேட்காதீர்கள். வீட்டில் நானும் மனைவியும் மணியும்தான். மணி நாட்டு நாய். சத்துவாச்சாரியில் அவனை யாரிடம் விட்டுவிட்டு இரண்டு நாள் ஊர் சுற்றுவது? கூட்டிக்கொண்டு போனால் திருவண்ணாமலையில் லாட்ஜ்காரர் வாசலிலேயே கையை விரிக்கிறார்.

நாங்கள் பார்க்கப் போனதோ செங்கம் பக்கத்து எடுத்தனூர் நடுகல்லை! மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆவது ஆட்சியாண்டுக் கல். ஏறக்குறைய 1,400 வருடப் பழமை. எருமைகளைக் காக்கப் போராடி மாண்ட கருந்தேவக்கத்திக்கு எடுத்தது. வீரனோடு ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. பெயர் கோவிவன். கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்றதாம், கல்வெட்டே சொல்கிறது. நாயின் பெயரைக் கல்லில் வெட்டிவைத்த மண் இது.

இன்று? மத்திய அரசின் 1959ஆம் ஆண்டு விதிப்படி, பாதுகாக்கப்பட்ட சின்னங்களுக்குள் பராமரிப்பு வேலைக்குத் தவிர எந்தப் பிராணியையும் கொண்டுபோகக் கூடாது. வண்டிக்காவது அதே விதியில் பார்க்கிங் உண்டு. நம் வேலூர்க் கோட்டையில் தெருநாய்கள் தாராளமாகப் படுத்துக் கிடக்கின்றன. ஊசி போட்டு, கயிறு கட்டிக் கூட்டிவரும் நாய்தான் குற்றவாளி. சுவரில் பெயரைக் கிறுக்கிவைத்தது எந்த நாய்? (அதுவும் அம்பு பாய்ந்த இதயத்தோடு.)

ஜலகண்டேஸ்வரர் சன்னதிக்குள் மணியை விடச் சொல்லவில்லை. நாயைக் கண்டு பயப்படுபவர்களின் பயமும் நியாயம்தான், வெறிநாய்க்கடி விளையாட்டல்ல. கோட்டைப் புல்வெளியிலாவது காலையில் இரண்டு மணி நேரம், கயிற்றோடு, தடுப்பூசிச் சீட்டைப் பார்த்து அனுமதியுங்கள். மணி அசிங்கம் செய்தால் எடுக்க என் பையில் எப்போதும் கவர் இருக்கிறது.