சுவருக்கு வேண்டிய சட்டம்

தூத்துக்குடியில் வாடகைக்கு வீடு தேடி அலைந்தவர் எவரும், வீட்டுக்காரர் சாவியைக் கையில் கொடுக்கும்போது சொல்லும் வாசகத்தை அறிவர்: "சுவரில் ஆணி அடிக்கக் கூடாது." காலி செய்யும்போது முன்பணத்தில் ஒரு மாத வாடகை வெள்ளையடிப்புக்காகப் பிடித்துக்கொள்ளப்படும் என்பது அதனோடு கூடவே வரும் நிபந்தனை. இரண்டுக்கும் தலையசைத்துக் குடிபுகும் குடும்பத்தினிடம் ஒரு காலண்டர் இருக்கிறது. காலஞ்சென்ற தகப்பனாரின் படம் இருக்கிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளை வர்ணம் தீட்டிக் கொண்டுவந்த காகிதம் இருக்கிறது. டிசம்பர் பிறந்தால் நட்சத்திரமும் தோரணமும் வந்துவிடுகின்றன. இவையெல்லாம் எங்கே போகும்? ஆணி கூடாதென்றால் டேப்பைத் தேடுவார்கள். டேப் நிற்காவிட்டால் பசையைத் தேடுவார்கள். ஆகவே ஆணியைத் தடுத்துச் சுவரைக் காப்பாற்றிவிட்டதாக நம்புகிற வீட்டுக்காரர், அதனினும் பெரிய சேதத்துக்குத் தாமே கதவைத் திறந்துவிடுகிறார் என்பது என் திடமான அபிப்பிராயம்.

மற்ற ஊர்ச் சுவர்களைப் போன்றதன்று இந்த ஊர்ச் சுவர். முத்துக்குளித்துறை என்று பேர்பெற்ற இந்தக் கரையின் பழைய கட்டடங்களுக்குச் சுண்ணாம்பு பெரும்பாலும் கடலிலிருந்தே வந்தது. எதிரேயுள்ள தீவுகளை ஒட்டி வளர்ந்திருந்த பவளப் பாறைகளை வெட்டிக் கொணர்ந்து, காளவாயில் சுட்டு, நீற்றி, மணலோடு குழைத்துப் பூசிய காரை அது. 1986-இல் மன்னார் வளைகுடா தேசியக் கடற்பூங்கா அமைந்து, 2001-இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்ட பிறகு அந்தக் கல்லைத் தொடுவதே குற்றம். தொடக் கூடாது என்பதே நியாயமும்கூட. அதாவது, ஒரு பழைய வீட்டில் பெயர்ந்து விழும் காரைக்கு ஈடாக அதே காரையை இனி எவராலும் பூச முடியாது.

அந்தக் காரைக்குச் சுவாசம் உண்டு. உப்பளங்களின் மீது தவழ்ந்து வரும் காற்று சுவருக்குள் ஈரத்தையும் உப்பையும் கொண்டு சேர்க்கிறது. வெயில் ஏறினால் ஈரம் வெளியேறுகிறது. வெளியேறும் வழியில் ஒரு சாண் காகிதத்தைப் பசை தடவி அப்பிவிட்டால், உப்பு அந்தக் காகிதத்தின் முதுகுக்குப் பின்னாலேயே பூக்கத் தொடங்கி, காரையின் மேற்பரப்பைப் பொரியச் செய்துவிடும். பிறகு காகிதத்தைக் கிழிக்கும்போது காகிதம் மட்டுமா வருகிறது?

ஆணியை நான் நல்லதென்று வாதிக்க வரவில்லை. சாதாரண இரும்பாணி கடற்காற்றில் சில மழைக்காலங்களுக்குள்ளேயே துருவேறுகிறது. துருவானது தான் பிறந்த இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடத்தை அடைத்துக்கொள்வதால், உள்ளே நெருக்கி நெருக்கிக் காரையைப் பிளந்துவிடுகிறது. ஆணியைச் சுற்றி நட்சத்திரம் போல் ஓடும் விரிசலும் அதன் கீழே வழியும் பழுப்புக் கோடும் இந்த ஊரில் காணாத வீடு இல்லை. காலண்டர் செய்கிற வேலை இன்னும் நுட்பமானது. தலைப்பில் தகரப் பட்டை மடித்த காலண்டரை ஒரே ஆணியில் மாட்டிவிட்டால், மின்விசிறிக் காற்றில் அது இடமும் வலமுமாக ஆடி, தகரத்தின் இரு முனைகளாலும் சுவரில் பிறைவடிவமாகக் கீறிக்கொண்டே இருக்கும். டிசம்பர் முடிந்து பழையதைக் கழற்றும்போது அந்தப் பிறை வெண்மையாகத் தெரியும், அடுத்த ஆண்டு அதே ஆணியில் புதியது ஏறும், பிறையும் ஆழமாகும். தகரப் பட்டையின் பின்புறம் ஒரு விரற்கடைத் துணியை ஒட்டினால் தீர்ந்துபோகிற காரியம் இது.

காலண்டரை இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்த மாவட்டத்துக் கோவில்பட்டியில்தான் சி. கொண்டையராஜு வாழ்ந்தார். 1898-இல் பிறந்து 1976-இல் மறைந்த அந்த மனிதர், நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை எழுதிக்கொண்டு வந்து, அவ்வூரிலேயே தங்கி, சீடர்களையும் உருவாக்கினார். அவர் எழுதிய தெய்வ உருவங்கள் சிவகாசி அச்சகங்களில் காலண்டர்களாகப் பெருகித் தமிழ்நாட்டின் வீடுதோறும் சென்றன. ஆண்டு முடிந்த பின்னும் தேதித்தாளை மட்டும் கிழித்துவிட்டுப் படத்தைக் கண்ணாடிச் சட்டமிட்டு மாட்டிக்கொண்ட குடும்பங்கள் அநேகம். ஏழை வீட்டுச் சுவருக்குக் கிடைத்த சித்திரசாலை அதுதான். சுவரில் எதையும் மாட்டாதே என்று சொல்கிறவர் இந்த சம்பத்தையே வேண்டாம் என்கிறார். அதை நான் ஒருபோதும் ஒப்பமாட்டேன்.

டேப்பின் கதைக்கு வருகிறேன். எனக்கு வேண்டிய ஒரு குடும்பத்தில் குழந்தையின் முதற் பிறந்த நாளுக்காகக் காகித எழுத்துக்களையும் விசிறிகளையும் டபுள் சைடு டேப்பால் ஒட்டினார்கள். பத்து நாள் கழித்துத் தாயார் ஓர் எழுத்தைப் பிடித்து இழுத்தபோது, எமல்ஷனும் அதன் அடியிலிருந்த பட்டியுமாக உள்ளங்கையளவுக்குப் பாளமாகக் கையோடு வந்தது. நாள் ஆக ஆக, அதிலும் நம் ஊர் வெப்பத்தில், பசை இளகிச் சுவரின் நுண்துளைகளுக்குள் இறங்கிவிடுகிறது. அப்போது மிகவும் பலவீனமான பிடிப்பு எதுவோ அதுவே விட்டுக்கொடுக்கிறது. அந்தப் பிடிப்பு பெரும்பாலும் டேப்புக்கும் வர்ணத்துக்கும் இடையே இருப்பதில்லை. வர்ணத்துக்கும் சுவருக்கும் இடையே இருக்கிறது. அமெரிக்காவில் மோட்டார் வண்டிகளுக்கு இருவர்ணம் தீட்டியவர்கள், மறைப்புக்காக ஒட்டிய காகிதத்தை உரிக்கையில் புது வர்ணமும் உரிந்து வருவதைக் கண்டு வருந்திய காலத்தில், அவர்களுடைய கஷ்டத்தைப் பார்த்துத்தான் ரிச்சர்டு ட்ரூ என்பவர் 1925-இல் மாஸ்கிங் டேப்பை உண்டாக்கினார். இன்று நம் பெயின்டர்கள் எல்லோரிடமும் அது இருக்கிறது. இலேசான காகித அலங்காரத்துக்கு, இரண்டொரு நாளைக்கு மட்டும், எமல்ஷன் சுவரில் அதை உபயோகிக்கலாம். சுண்ணாம்படித்த சுவரில் அதுவும் கூடாது. ஏற்கெனவே ஒட்டிய டேப்பை எடுக்க வேண்டியவர்கள், தலைமுடி உலர்த்தும் கருவியால் இளஞ்சூடு காட்டி, சுவரை ஒட்டியே மடக்கி மெல்ல உரிப்பார்களாக.

இவ்வளவுக்கும் பரிகாரம் பழைய வீடுகளிலேயே இருந்தது. உத்தரத்துக்குச் சற்றுக் கீழே, கூடத்தின் நான்கு பக்கமும் ஓடும் ஒரு மரச் சட்டம். அதிலிருந்து கயிற்றில் முன்சாய்ந்து தொங்கும் படங்கள். நிலைப்படியின் இருபுறமும் தோரணத்துக்காகவே இரண்டு கொக்கிகள். மாவிலையோ குருத்தோலையோ காகிதமோ, எதுவானாலும் கயிற்றில் கோத்துக் கட்டினார்கள். வாடியதும் கயிற்றோடு அவிழ்த்தார்கள். சுவர் எதையும் சுமக்கவில்லை, மரம் சுமந்தது. இன்று ஒரு ரீப்பர் கட்டையை இழைத்து, எவர்சில்வர்த் திருகாணியால் ஒருமுறை உறுதியாகப் பொருத்தி, எஸ் வடிவக் கொக்கிகளை அதில் மாட்டிவிட்டால், அந்த வீட்டில் அடுத்தடுத்து வரும் குடித்தனக்காரர் எவரும் சுவரைத் தொட வேண்டிய அவசியமே இராது. வாடகை வாங்குகிறவர் குழாயும் விளக்கும் தருவதுபோல் இதையும் தரக் கடமைப்பட்டவர் என்று கருதுகிறேன்.

தெருச் சுவருக்கும் இதுவே நியாயம். திரைப்படம், மாநாடு, பூப்புனித நீராட்டு, கண்ணீர் அஞ்சலி என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிய சுவரொட்டிகள் விரற்கடைப் பருமனுக்குத் தடித்து, மழையில் ஊறி, காரையோடு சரிகின்றன. திறந்தவெளி இடங்களின் அழகு கெடுவதைத் தடுக்கத் தமிழ்நாடு 1959-இலேயே சட்டம் செய்தது. இருந்தும் சுவர்களின் கதி நாம் கண்டதுதான். பிரான்ஸ் தேசத்தில் பொதுக் கட்டடங்களின் மீது, சுவரொட்டி ஒட்டத் தடை என்றும், அதன் கீழே 1881 ஜூலை 29-ஆம் தேதிச் சட்டம் என்றும் எழுதியிருக்கும். பத்திரிகைச் சுதந்திரத்தை அந்நாட்டுக்கு அளித்த சட்டமே அது. அரசாங்க அறிவிப்புகளுக்கென்று இடத்தைக் குறித்துவைக்கும் பொறுப்பையும் அது நகரத் தலைவரிடம் ஒப்படைத்தது. தடையும் இடமும் ஒரே சட்டத்தில் நின்றன. நாம் தடையை எழுதினோம், இடத்தை மறந்தோம். மைதா மாவில் காய்ச்சிய பசையின்மீது எனக்குக் கோபம் இல்லை; வெந்நீரில் நனைத்தால் விட்டுவிடுகிற சாது அது. பழஞ்சுவடிகளையும் சித்திரங்களையும் செப்பனிடுகிறவர்கள் உலகெங்கும் கோதுமை மாப்பசையைக் கையாள்வது அந்தக் குணத்துக்காகத்தான். அதை ஒட்டுவதற்கு மரப்பலகைகள் வேண்டும்.

ஜூலை 26-ஆம் தேதி பனிமய மாதா கோயிலில் கொடி ஏறினால், ஆகஸ்ட் 5 வரை தெருக்களில் தோரணங்களுக்கும் சுவரொட்டிகளுக்கும் குறைவிராது. அதற்கு முன்னதாக, பழைய கட்டடங்கள் நிற்கும் தெருக்களிலாவது முனைக்கொரு விளம்பரப் பலகையும் தோரணக் கயிறு கட்டக் கம்பங்களும் மாநகராட்சி நாட்டித்தர வேண்டும். வாடகைக்கு வீடு விடுகிற அன்பர்களிடம் என் வேண்டுகோள் இதனினும் சிறியது: அடுத்த முறை வெள்ளையடிக்க ஆள் வரும் அன்றைக்கே தச்சரையும் அழைத்து, கூடத்தில் ஒரு சட்டத்தைப் பொருத்திவிட்டு, அதன்பின் சாவியைக் கொடுங்கள்.