வீடற்றவன் யார்?

ஆங்கிலத்திலே 'ஹோம்லெஸ்' என்றொரு சொல் உண்டு. 'ஹவுஸ்' என்றால் கட்டடம். 'ஹோம்' என்றால் அந்தக் கட்டடத்துக்குள் வேரூன்றிய வாழ்வு. இரண்டையும் பிரித்தறியும் மொழி அது. நம்மவர் அந்தச் சொல்லை 'வீடற்றோர்' என்று பெயர்த்தனர், அரசாணையில் ஏற்றினர், இரவுத் தங்குமிடத்தின் பலகையிலே எழுதி மாட்டினர். வேலை முடிந்ததென்று கைகழுவினர். முடிந்ததா?

தமிழிலே 'வீடு' பட்ட பாட்டைக் கேளுங்கள், தோழர்களே! மனிதன் குடியிருக்கும் மனைக்கும் அதுவே பெயர், மோட்சத்துக்கும் அதுவே பெயர். வள்ளுவர் அறம், பொருள், இன்பம் என மூன்றோடு நிறுத்திக் கொண்டார். நான்காவதாக ஒரு வீட்டை வானத்திலே கட்டி, கூரையில்லாதவனைப் பார்த்து, "இங்கே இல்லாவிட்டாலென்ன, அங்கே உண்டு" என்று ஆறுதல் சொன்னவர்கள் வேறு பேர். வாடகை கேட்காத வீடு! ஆனால் செத்த பிறகுதான் சாவி தருவார்களாம்!

'இல்' என்ற சொல்லும் இரு பொருள் உடையது. வீடும் இல், இல்லாமையும் இல். கோயில் என்பது தலைவனின் இல். கல்லுக்கு இல் கிடைத்தது. அதன் வெளி மண்டபத்திலே கந்தலைப் போர்த்திக் கிடப்பவனுக்கோ இல்லாமை என்ற இல் மட்டுமே கிடைத்தது. இது வெறும் சொல்லலங்காரம் அன்று. வீடற்றோர் யாவர் என்று விளக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை, நடைபாதை, பாலத்தின் அடி, பெருங்குழாய், இரயில் மேடை என்று அடுக்கிவரும் பட்டியலில், வழிபாட்டுத் தலங்களின் திறந்த மண்டபத்தையும் சேர்த்தே எழுதியிருக்கிறது.

2011ஆம் ஆண்டு, பிப்ரவரி 28ஆம் நாள் இரவு, அந்த விளக்கத்தின்படி இந்தியா முழுவதும் எண்ணினார்கள். 17 லட்சத்து 72 ஆயிரம் பேர் என்றார்கள். கட்டடம் எதிலும் வசிக்காதவன் மட்டுமே அந்தக் கணக்கில் வீடற்றவன். சுவர் நான்கும் ஒரு வாயிலும் உள்ள ஏதேனும் ஓரிடத்தில் படுத்திருந்தால், அது யாருடைய சுவர், யாருடைய வாயில் என்ற கேள்வியே எழாது!

அப்படி ஒரு சுவருக்குள் படுத்தவர்களின் கதி என்ன ஆயிற்று? இராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டை, 2015 ஜனவரி 31. ஊர் உறங்கிய நேரம். தோல் தொழிற்சாலைகளின் கழிவைச் சுத்திகரிக்கும் பொது நிலையத்திலே, நச்சுச் சேற்றைத் தேக்கி வைத்த தொட்டியின் சுவர் உடைந்தது. பாய்ந்த சேறு பக்கத்துத் தோல் ஆலைக்குள் புகுந்தது. அங்கே உறங்கிக் கொண்டிருந்த பத்துப் பேர் மூழ்கி மாண்டனர். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்த தொழிலாளர்.

பகலில் உழைத்த ஆலையிலேயே இரவில் ஏன் படுத்தார்கள்? ஆசைப்பட்டா? வேறு இடம் இல்லை. எனினும் ஏட்டின்படி அவர்கள் வீடற்றோர் அல்லர்! தலைக்குமேல் கூரை இருந்ததே! சேறு நிரம்பிய கூரை!

ஐக்கிய நாடுகள் மன்றத்தின் கணக்கெடுப்பு நெறிகள் இதில் சற்றுத் தெளிவானவை. கூரையே இல்லாதவர் ஒருவகை. நிலையான இருப்பிடமின்றி இங்குமங்கும் மாறி மாறித் தங்குவோர் இன்னொரு வகை. இருவரும் வீடற்றோரே என்கின்றன அவை. நம் ஏடு முதல் வகையோடு நின்றுவிட்டது.

"வடக்கே இருந்து வந்தவனுக்காக நாம் ஏன் வருந்த வேண்டும்?" என்று கேட்கும் தோழரும் நம்மிடையே உண்டு. அவருக்கு ஒன்று சொல்வேன். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலே நம் தமிழன் எங்கே படுத்தான்? துரை கட்டிய லயத்திலே! வேலை போன அன்றே கூரையும் போயிற்று. அந்த மக்களைத்தான் 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நாடற்றவராக்கியது. குடியிருக்கச் சொந்தமாய் ஒரு குடிசை இல்லாதவனிடமிருந்து 'குடிமகன்' என்ற பெயரைப் பறிப்பது எத்துணை எளிது என்பதை அன்றே கண்டோம். லயத்துக்கு அழுத கண், ஆலைக்குள் படுப்பவனுக்கு மட்டும் வறண்டுவிடுமா?

இனி ஆம்பூருக்கு வாருங்கள். அங்கே காட்சி தலைகீழ். காலணியின் மேல்தோலை வீட்டிலே அமர்ந்து கையால் தைத்துத் தரும் பெண்கள் ஆம்பூர் வட்டாரச் சிற்றூர்களிலே இருக்கிறார்கள். சோடிக்கு இவ்வளவு என்று கூலி. இடம், விளக்கு, ஊசி பட்ட விரல் எல்லாம் அவர்கள் செலவு! ஆணுக்கு ஆலை வீடாயிற்று. பெண்ணுக்கு வீடு ஆலையாயிற்று. 'இல்லாள்' என்று இல்லத்தையே அவள் பெயரில் எழுதியது இலக்கணம். பட்டாவை எழுதியபோது மட்டும் கணவன் பெயரைத் தேடினார்கள்.

அந்தப் பட்டாவும் எத்தனை பேருக்குக் கிட்டியது? தோலைத் தொட்டவனைத் தொடாதே என்று சேரியில் ஒதுக்கிய சாதி, சேரிக்கும் அப்பால் கிடந்தவனைப் 'புறம்போக்கு' என்றது. தீர்வை விதிக்கப்படாத, தனியுடைமையல்லாத நிலத்துக்கு வருவாய்த்துறை வைத்த பெயர் அது. இன்று அது வசைச்சொல்! நிலத்தின் பெயரால் மனிதனை ஏசும் மொழியைச் செம்மொழி என்று மெச்சிக்கொண்டால் போதுமா?

பாலாற்றங்கரை உழவனையும் விட்டுவிடலாகாது. தோல் பதனிடும் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ பாழானது என்பதை, 1996இல் உச்சநீதிமன்றம் தன் தீர்ப்பிலேயே எடுத்துரைத்தது. வீடு நிற்கிறது, கிணறு செத்துவிட்டது. அவன் எந்தக் கணக்கில் சேர்வான்?

பெயரை மாற்றுவதில் நாம் சளைத்தவர்கள் அல்லர். 1970இல் பிறந்த குடிசை மாற்று வாரியம், 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஆயிற்று. நல்ல பெயர்தான், வரவேற்கிறேன். அமெரிக்காவிலும் இப்போது 'ஹோம்லெஸ்' இழிவென்று கருதி வேறு சொல் தேடுகிறார்களாம். தேடட்டும். புதுச்சொல்லைப் போர்த்திக் கொண்டு பனியிலே படுக்க முடியுமா என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள்.

2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு 2027க்குத் தள்ளிப் போடப்பட்டது. இராணிப்பேட்டையிலும் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் உள்ள இளைஞர்கள் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. இரவிலே ஆலை வாயிலுக்குச் செல்லுங்கள். உள்ளே உறங்குவோர் எத்தனை பேர், வேலை போனால் மறுநாள் இரவு எங்கே படுப்பார்கள் என்று கேட்டு எழுதுங்கள். வங்கமொழி அறிந்தவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். எழுதிய பட்டியலை மாவட்ட ஆட்சியரின் குறைதீர் நாளில் மேசைமீது வையுங்கள். 'வீடற்றோர்' என்ற தலைப்பை அந்தத் தாளிலே நீங்களே எழுதிக் கொடுங்கள்.