தக்பீருக்கு உயராத கை

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் நெடுங்காலம் கடைசல் இயந்திரம் இயக்கிய பெரியவர் ஒருவர், பக்கவாதத்துக்குப் பின் எங்கள் பள்ளிவாசலில் நாற்காலியில் அமர்ந்து தொழுகிறார். தக்பீருக்கு இடக்கை காது வரை செல்கிறது. வலக்கை நெஞ்சளவில் நின்றுவிடுகிறது. "அல்ஹம்துலில்லாஹ், இப்போது தேவலை" என்கின்றனர் வீட்டார். எவ்வளவு தேவலை என்று கேட்டால் விடையில்லை.

அளக்க வழியுண்டு. 1975இல் வெளியான ஃபூகல்-மேயர் மதிப்பீட்டில் கையின் இயக்கத்துக்கு மட்டும் 66 புள்ளிகள். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியும் சென்னை ஐஐடியும் இணைந்து உருவாக்கிய புளூட்டோ கருவியோ, மணிக்கட்டும் விரல்களும் எவ்வளவு அசைகின்றன என்பதைப் பயிற்சியின்போதே பதிவு செய்கிறது.

ஆயினும், மருத்துவர் முன் உயரும் கை வீட்டில் உயர்வதில்லை. அதற்கு நாமும் காரணம். சோற்றைப் பிசைந்து ஊட்டுகிறோம். உளூவுக்கு நாமே கழுவிவிடுகிறோம். அன்புதான், மறுக்கவில்லை. ஆனால் வேலை கொடுக்கப்படாத கையை மூளையும் மெல்லக் கைவிடுகிறது. மணிக்கட்டில் அணியும் அசைவுமானி இதைக் காட்டிக்கொடுக்கும். அது கிடைக்காத வீட்டில் சுவரும் பென்சிலும் போதும். ஜும்ஆவுக்குப் புறப்படுமுன், அமர்ந்தபடியே அவர் விரல் தொட்ட உயரத்தில் கோடிட்டுத் தேதி எழுதுங்கள். இயன்முறை மருத்துவரிடம் காட்டுங்கள். தோள் வலித்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். கையை நீங்கள் பிடித்துத் தூக்கிவிடாதீர்கள்.