கறையன்று, உயிர்!

“பாறைமேல் படிந்த கறைக்கும் ஒரு கட்டுரையா?” என நகைப்போர் உளர். அந்நகைப்பு அறியாமையின் விளைவு. கறையெனத் தோன்றுவது கற்பாசி; பூஞ்சையும் பாசியும் கூடி நடத்தும் இல்லறம். பூஞ்சை உறைவிடம் தரும். பாசி கதிரொளியால் உணவு ஆக்கும். சுவிட்சர்லாந்து அறிஞர் சைமன் சுவெண்டனர் 1867இல் இவ்வுண்மையைக் கூறியபோதும் பலர் எள்ளவே செய்தனர். காலம் அவர் பக்கமே நின்றது.

செட்டிநாட்டுக் கறியில் மணக்கும் கல்பாசி இவ்வினத்ததே. ஆயின், சுண்ணாம்புப் பாறையையன்றி வேறெதிலும் ஒட்டாத வகைகளும் உள. சில கல்லினுள்ளேயே வாழும். ஊசிமுனையளவுக் குழிகளே வெளியில் தெரியும். ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூடப் பலவும் வளர்வதில்லை. நூறாண்டு வாழ்வை ஒரு வெடி ஒரு நொடியில் தூளாக்கும்.

ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட் செல்லும் வழியில், சிம்மோர் அருகே நிற்கும் கந்தான் மலை சிமெண்டுக்காக நெடுங்காலம் உடைக்கப்பட்டு வந்துள்ளது. அங்குக் கண்டறியப்பட்ட நத்தையினம் ஒன்றுக்கு, அம்மலையை அப்போது உடைத்துவந்த லபார்ஜ் நிறுவனத்தின் பெயரையே 2014இல் அறிஞர் சூட்டினர். இதனினும் கூர்மையான கண்டனம் வேண்டுமோ? பகாங்கின் பஞ்சிங் குன்று தரைமட்டமானபோது, அங்கு மட்டுமே வாழ்ந்த நத்தையினம் ஒன்றும் உலகினின்று மறைந்தது. ‘சிப்புட்’ என்னும் மலாய்ச் சொல்லுக்கு நத்தை என்பதே பொருள். நத்தையின் பெயர் தாங்கிய ஊரார் இதனைக் கேட்டும் வாளாவிருத்தல் தகுமோ? நத்தைக்கேனும் பேசுவோர் சிலர் உளர். கற்பாசிக்கு எவர் உளர்?

“சிமெண்டின்றி வீடேது, பள்ளியேது?” என வினவுவர். வினா நேரியதே. சிமெண்டு வேண்டாவெனக் கூறுவாரிலர். மலையை உடைக்குமுன் அதன் உயிர்களைக் கணக்கெடுக்க வேண்டும். வேறெங்கும் இல்லாதவை வாழும் மலையை விட்டுவைக்க வேண்டும். கேட்பது இவ்வளவே.

குற்றம் வெடி வைப்போரிடம் மட்டுமில்லை. குறிஞ்சியின் கருப்பொருள்களை நம் மாணவர் மூச்சுவிடாது ஒப்பிப்பர். பள்ளிக்குச் செல்லும் வழியில் நிற்கும் மலையின் கருப்பொருளில் ஒன்றேனும் அறியார். தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள் என நிலத்தின் உயிர்ப்பொருள்களை எண்ணிவைத்த மரபு, தேர்வுத்தாளில் அடைபடுதற்கோ பிறந்தது? அறிவியல் நூலில் ‘லைக்கன்’ என மனனம் செய்யும் மாணவன், தாயின் அஞ்சறைப் பெட்டியில் அதுவே கிடப்பதை அறியாதிருப்பது எவர் பிழை?

ஆசிரியர் பெருமக்கள் மாணவரைப் பாறையருகே அழைத்துச் செல்லட்டும். உருப்பெருக்கியைக் கையில் கொடுத்து, கண்டதைத் தமிழில் எழுதச் சொல்லட்டும். பெயரறியாப் பொருளுக்காக எவரும் வாதாடார். பெயரைச் சொல்லிக் கொடுப்பதே ஆசிரியரின் முதற்கடன்.