மாப்பிள்ளை சாமி ஊர்லேர்ந்து ஒரு நீச்சல் பஞ்சாயத்து

அமெரிக்கக் காலேஜ் பெண்கள் நீச்சல் அணிகளைப் பத்தி ஒரு புலம்பல் உண்டு. கனடா, ஜெர்மனி, ஹாங்காங்னு நாடு நாடாத் தேடிப் பொண்ணுங்களைக் கூட்டிக்கிட்டு வந்து கோப்பை அடிக்கிறாங்க, உள்ளூர்ப் புள்ளைங்க இடம் போச்சேன்னு. நான் இதுக்கு எதிர்க்கட்சி மக்களே.

அந்த இடம் வந்த கதையைப் பாருங்க. 1972ல 'டைட்டில் நைன்'னு ஒரு சட்டம். அரசுப் பணம் வாங்குற கல்வி நிலையம் ஆண், பெண் பாகுபாடு காட்டக்கூடாது. பெரிய காலேஜ்ல ஃபுட்பாலுக்கே (பந்தைக் கையில தூக்கிக்கிட்டு ஓடுவாங்களே, அது) 85 ஸ்காலர்ஷிப், அத்தனையும் பசங்களுக்கு. தராசை நேராக்கப் பெண்கள் விளையாட்டுகளுக்குக் கூடக் கொடுத்தாங்க. நீச்சல்ல ஆண்களுக்கு 9.9, பெண்களுக்கு 14. (அந்தப் புள்ளி ஒன்பது ஆளு யாருன்னு கேக்காதீங்க, ஒரு ஸ்காலர்ஷிப்பைப் பலருக்குப் பிச்சுத் தரலாம்.) ரொம்ப வருஷம் இதான் கணக்கு. 2025ல வந்த வழக்குச் சமரசத்துல சேர்ந்த காலேஜ்கள்ல இப்ப அணிக்கு 30 பேர்னு தலைக்கணக்கு மட்டும்தான்.

நீச்சல்ல சிபாரிசு செல்லாது. கோச் பாக்குறது கடிகாரத்தை. அவங்க குளம் 25 கெஜம், நம்ம நேரம் மீட்டர்ல. மாத்திப் போட்டா முடிஞ்சது வேலை.

சியோபன் ஹாஹேன்னு ஹாங்காங் பொண்ணு, மிச்சிகன் பல்கலைக்கழகத்துல நீந்தினவங்க. 2021ல நடந்த டோக்கியோ ஒலிம்பிக்ல ரெண்டு வெள்ளி. ஹாங்காங் ஒலிம்பிக் நீச்சல்ல வாங்கின முதல் பதக்கமே அதான். அதே மிச்சிகன்ல படிச்ச கனடாவின் மேகி மெக்நீலுக்கு அங்கேயே 100 மீட்டர் பட்டர்ஃப்ளைல தங்கம். இவங்களுக்குப் பக்கத்து லேன்ல தினம் நீந்தின உள்ளூர்ப் பொண்ணுக்கு இதுல என்ன நஷ்டம்? எந்தக் கோச்சும் இப்படி ஒரு பயிற்சியைக் காசு கொடுத்து வாங்க முடியாது.

வெளியூர் ஆளை நம்மாளாக்கிக்கிறது எங்க திருமலைராயன்பட்டினத்துக்குப் புதுசில்ல. மாசி மகத்துக்குத் திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் எங்க கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு வருவாரு. மீனவ ஜனங்க அவரை 'மாப்பிள்ளே'ன்னுதான் கூப்புடுவாங்க.

என் வருத்தம் வேற. உலகம் பூரா வலை வீசுறாங்க, அந்த வலையில நம்ம பொண்ணுங்க எத்தனை பேர் விழுறாங்க? நிஷா மில்லெட் 1991ல சென்னை ஷெனாய் நகர்ல நீந்தக் கத்துக்கிட்டு, 2000 சிட்னி ஒலிம்பிக் போனாங்க. 2024 பாரிஸுக்கு 14 வயசு தினிதி தேசிங்கு, பெங்களூர்ப் பொண்ணு. விரல் விட்டு எண்ணிடலாம்.

கடலும் ஆறும் இருக்கிற ஊரு எங்களுது. பையன் அம்பது வயசுலயும் ஆத்துல குதிப்பான். பொண்ணு வயசுக்கு வந்தா தண்ணி கணுக்காலோட சரி. "ஈரத்துணியோட எல்லாரும் பாக்க என்னடி குளியல்"னு ஒரு அதட்டல், அதோட அவ நீச்சல் கணக்கு முடிஞ்சது. ஸ்டாப்வாட்ச் பக்கமே போகல!

இது பதக்கத்தோட போற விஷயமும் இல்ல. சுனாமிக்கப்புறம் 2005ல ஆக்ஸ்ஃபாம் கொடுத்த அறிக்கையில, கடலூர்ப் பக்கம் இறந்தவங்கள்ல பெண்கள் ஆண்களைப் போல ஏறக்குறைய மூணு மடங்கு. மீனுக்காகக் கரையில காத்திருந்தது ஒரு காரணம், நீச்சல் தெரியாதது இன்னொண்ணு.

அதனால எங்க காரைக்கால் காலேஜ்கள் மிச்சிகன் மாதிரி வெளிநாட்டுல ஆள் தேட வேணாம். பொண்ணுங்களுக்குன்னு தினம் ரெண்டு மணி நேரம் குளம், ஒரு பெண் கோச், நீச்சலுக்கு நாலு சீட்டு. பட்டினச்சேரியிலேர்ந்தே ஆள் எடுக்கலாம்.

உங்க ஊர்ல பொண்ணுங்க எந்த வயசு வரைக்கும் நீந்துறாங்க? பின்னூட்டத்துல சொல்லுங்க.