கொல்லைப் பழத்திற்கும் கணக்கு வேண்டும்

நீரிழிவு கண்ட அங்கத்தினர்கள் நம் பக்கத்தில் இரு சாராராக நிற்கக் காண்கிறோம். வைத்தியர் ஏதோ சொன்னார் என்று பழத்தையே அடியோடு விலக்கியவர்கள் ஒரு சாரார். "நம் கொல்லையில் காய்த்தது, மருந்து தெளிக்காதது, என்ன செய்துவிடும்?" என்று கைக்கு வந்தமட்டும் உண்பவர்கள் மற்றொரு சாரார். இரண்டும் சரியன்று என்பதே நம் அபிப்பிராயம். கடைப் பழத்தில் சர்க்கரை உண்டு, சொந்த மரத்துப் பழத்தில் இல்லை என்பதற்குச் சாத்திரம் எதுவுமில்லை.

பழத்தின் இனிப்பும் சோற்றின் மாவும் மாவுச்சத்து என்னும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. சமைத்த சோறு நூறு கிராமில் ஏறக்குறைய 28 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. அதே எடைக்குத் திராட்சையில் 16 முதல் 18, தோலுரித்த வாழைப்பழத்தில் 23 முதல் 27, சப்போட்டாவில் 20, மாம்பழச் சதையில் 16 அளவில் உண்டு. கொய்யாவில் 11 முதல் 14 வரைதான், நாரும் மிகுதி. ஆகவே நூறு கிராம் திராட்சை உண்ண விரும்புகிறவர் அன்றைய சோற்றில் ஏறத்தாழ அறுபது கிராமைக் குறைத்துக்கொண்டால் கணக்கு நேராகிவிடும். நாம் செய்வதோ, வயிறு நிறையச் சோறுண்டு அதன்மேல் பழமும் உண்பது!

கம்பம் பள்ளத்தாக்கில் இந்தத் தொல்லை அதிகம். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற நம் பன்னீர்த் திராட்சை பிற ஊர்ப் பழங்களைப்போல ஒரு பருவத்தோடு நிற்பதன்று. ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு தோட்டத்தில் அறுவடை நடக்கிறது. சந்தைக்கு ஏறும் கூடைக்கு எடைச்சீட்டு உண்டு. குலையிலிருந்து உதிர்ந்து விலைபோகாத பழம் எடையின்றி வீட்டுக்கு வருகிறது, எடையின்றியே வாய்க்கும் போகிறது. பண்ணைப்புரம் பக்கத்து வீடுகளில் மாவும் கொய்யாவும் காய்க்கும் காலத்திலும் இதே கதைதான்.

திராட்சை பயிரிடுவோருக்கு ஒரு வசதி உண்டு. பழம் பறிக்கும் பக்குவமறிய ஒரு துளிச் சாற்றை வைத்துப் பார்க்கும் கருவியைப் பலரும் கண்டிருப்பார்கள். அது 18 என்று காட்டினால், நூறு கிராம் சாற்றில் கரைந்திருக்கும் பொருள் 18 கிராம். அதில் பெரும்பகுதி சர்க்கரையே. விலைக்காகப் பார்க்கும் அந்த எண்ணை உடம்புக்காகவும் ஏன் பார்க்கக்கூடாது? வாழைக்கு மட்டும் இக்கருவியை நம்பவேண்டாம். செங்காயில் மாவாக இருப்பது கனியக் கனியச் சர்க்கரையாகிறது. கருவி காட்டாத மாவும் கணக்கில் சேரவேண்டியதே. பழத்தைப் பிழிந்து சாறாக்கிக் குடிப்பது எந்த வகையிலும் நன்றன்று. நார் போய்விடுகிறது, அளவும் தெரிவதில்லை.

இன்சுலின் போட்டுக்கொள்வோருக்கு இது உயிர்க்காரியம். உணவின் மாவுச்சத்துக்கு ஏற்ப மருந்தின் அளவு அமையவேண்டும். மருந்துக்கு மாவுச்சத்து மிகுந்தால் சர்க்கரை ஏறும், குறைந்தால் இறங்கி மயக்கம் வரும். கைநடுக்கமும் வியர்வையும் கண்டு சர்க்கரை இறங்கியது தெரிந்தால் உடனே 15 கிராம் சர்க்கரைச் சத்து கொடுத்து, கால் மணி கழித்துச் சோதிப்பது வைத்திய முறை. குளுக்கோசோ சீனியோ கைவசமில்லாதபோது, தோட்டத்தில் நிற்பவருக்கு நூறு கிராமுக்குச் சற்றுக் குறைந்த திராட்சையும் உதவும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் திணிக்கலாகாது. மருத்துவமனைக்கே கொண்டு செல்லவேண்டும். மருந்தின் அளவை மாற்றுவதும் வைத்தியரைக் கேட்டே ஆகவேண்டும்.

நாட்டில் பத்துக்கோடிப் பேருக்கு இந்நோய் உண்டென்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையுடன் நடந்த ஆய்வு 2023-ல் தெரிவித்தது. தறியில் நாள் முழுதும் உட்கார்ந்திருக்கும் நெசவாளரும் இதற்கு விலக்கல்லர். இழை எண்ணிப் பாவு ஓட்டுகிறவருக்குக் கிராம் எண்ணுவது கஷ்டமென்று சொன்னால் நாம் நம்பமாட்டோம்.

ஒவ்வொரு சங்கக் கட்டடத்திலும் ஒரு சிறு கிராம் தராசும், நம் ஊர்ப் பழங்களின் மாவுச்சத்து அட்டவணையும் இருக்கவேண்டும் என்று நாம் கேட்கிறோம். அட்டவணையை ஆரம்ப சுகாதார நிலைய வைத்தியரிடம் காட்டிச் சரிபார்த்த பின்னரே சுவரில் ஒட்டவேண்டும். தோல், கொட்டை நீக்கிய எடை என்பதைப் பெரிய எழுத்தில் போடவேண்டும். தராசின் விலை ஒரு கூடைத் திராட்சையின் விலையைச் சுற்றித்தான் இருக்கும். அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர அங்கத்தினர் எவரேனும் முன்வருவாராக.